அடினோசினும் காபியில் முக்கிய ரொட்டியும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஸ்கேன் மேஜையில் மல்லாந்து கிடந்தேன். படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று ஒரு மாதமாக நான் புலம்பியதில், டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட். ரத்தக்குழாயில் அடைப்பா, வெறும் பயமா... இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

முந்தின நாளிலிருந்தே காபி, டீ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குடித்தீர்களா என்று நர்ஸ் கேட்டார். சொட்டுக்கூட இல்லை என்றேன். நிஜமாகவே குடிக்கவில்லை.

அப்புறம் மருந்து வந்தது. பெயர் அடினோசின். என்ன ஏது என்று தெரியாத எதுவும் என் உடம்புக்குள் போகக் கூடாது – இது என் பழைய வியாதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இதையெல்லாம் கேட்கலாமா? கேட்டேன்.

"அப்படின்னா என்னா அர்த்தம் டாக்டர்?"

மருந்து கொண்டுவந்த இளம் டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். கிரேக்கத்தில் 'அடென்' என்றால் சுரப்பி. மாட்டின் கணையச் சுரப்பியிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருளுக்கு அடினைன் என்று பெயர் வைத்தார்களாம். அதோடு ரைபோஸ் என்கிற சர்க்கரை சேர்ந்தால் அடினோசின். நம் உடம்பே தயாரிக்கிற சரக்குதான். ரத்தக்குழாயை விரிக்கும். மூளையில் சேரச் சேரத் தூக்கம் வரும்.

"காபி குடிச்சா, இது உக்கார வேண்டிய சீட்ல அது உக்காந்துக்கும் சார். மருந்து வேலை செய்யாது. அடைப்பு இருந்தாலும் ஸ்கேன்ல தெரியாம போயிடும்."

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் நான் சாப்பிட்டது ரொட்டி. நீள ரொட்டியைப் பிய்த்து, கிண்ணத்துக் காபியில் முக்கி... பாண்டிச்சேரிக்காரன் வேறு எப்படிச் சாப்பிடுவான்? எங்கள் முத்தியால்பேட்டையில் அதற்குப் பெயர் டிபன். காபி குடித்ததில் அதை யார் சேர்ப்பார்கள்?

"முக்கிச் சாப்பிட்டா சேருமா டாக்டர்?"

எவ்வளவு முக்கினீர்கள் என்றார். கதவோரம் நின்ற என் மனைவி முந்திக்கொண்டாள். "முழு ரொட்டிம்மா. கிண்ணத்துல ஒரு சொட்டு மிச்சமில்ல. கழுவுன எனக்குத்தான தெரியும்."

டெஸ்ட் தள்ளிப்போனது. இரண்டு நாள் காய்ந்த ரொட்டி. வியாழக்கிழமை அடினோசின் ஏறியது. சில நிமிஷம் நெஞ்சை யாரோ அழுத்திப் பிடித்து, அப்புறம் விட்ட மாதிரி இருந்தது. ரிசல்ட்? அடைப்பு இல்லை!

செவ்வாய்க்கிழமையே ஊசி போட்டிருந்தாலும் இதே ரிசல்ட்தான் வந்திருக்கும். ஆனால் அதை நம்ப முடியுமா? இதை நம்பலாம்.

டிகிரி படித்தவர்கள்கூட இந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டதில்லை என்றார் டாக்டரம்மா. பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொன்னவர்கள் வரிசையாக வந்து இதைக் கேட்க வேண்டும். பயந்ததால்தானே கேட்டேன்? கேட்டதால்தானே தப்பித்தேன்?

அன்று சாயங்காலம் மனைவி கிண்ணம் நிறையக் காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு ரொட்டி முக்கினேன்.

சீட் இனி காபிக்குத்தான். அடினோசின் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே வரட்டும்!