சுருளக்காவின் இரட்டைக் கொம்பு

எங்கள் அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைக்கும் அக்காவுக்குச் சுருளக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். தலைமுடிக்காக இல்லை. மூன்று வருடம் கணினியில் உட்கார்ந்து ஓர் எழுத்துரு வரைந்தார். அதில் சுருளாத எழுத்தே கிடையாது. 'ட' கூட, பாவம், வாலைச் சுருட்டிக்கொண்டுதான் நிற்கும்.

குறை சொல்லக் கூடாது, கல்யாணப் பத்திரிகையில் அதைப் போட்டால் கண்ணை எடுக்க முடியாது. கேக் பெட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் அதையே கேட்டு வந்தார்கள். நாலு வரிக்கு மேல் போனால்தான் தலை சுற்றும். அதைச் சொன்னால் எனக்கு ரசனை கிடையாது என்று ஒரே போடாகப் போடுவார். நான் பிழை திருத்துகிறவன். ரசனைக்கு யார் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்?

அக்காவின் அண்ணனுக்கு வேலை போனது. அண்ணி துணிந்து தெருமுனையில் ஒரு மளிகைக் கடை பிடித்தார். இனி வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கடையை நம்பித்தான். பெயர்ப்பலகை தன் பொறுப்பு என்றார் சுருளக்கா.

'கேட்டதெல்லாம் கிடைக்கும்' என்பது வாசகம். இரட்டைக் கொம்பின் மேல்சுழியை அவிழ்த்து, கொடி மாதிரி அடுத்த எழுத்தின் தலைமேல் ஓடவிட்டிருந்தார். நானும் மாதிரி நகலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டேன். வாசகம்தான் முன்பே தெரியுமே, பிறகு எங்கே படிப்பது? அண்ணி நகலை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கடை திறந்த அன்று தெருவே பலகைக்குக் கீழே நின்று பல்லைக் காட்டியது. சுழி அவிழ்ந்த கொம்பு ஒற்றைக் கொம்பாகிவிட்டது. 'கெட்டதெல்லாம் கிடைக்கும்'. ஒருவர் பருப்பை மோந்து பார்த்து, பலகையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள், நேர்மையான கடை என்றார். ஒரு வாரம் போயிற்று. சிரிக்க வந்தார்கள், வாங்க வரவில்லை.

சுருளக்கா எகிறினார். இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை என்று கடையில் நின்று கத்தினார். அரிசி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணி, நகலைக் காட்டியபோதே தானும் அப்படித்தான் படித்ததாகச் சொன்னார்.

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணி?"

"நான் அஞ்சாவதோட நின்னவ. நீ படிச்சவ, நீ எழுதினது. எனக்குத்தான் சரியா படிக்க வரலன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுருளக்கா பக்கத்துக் கடையில் ஏணி வாங்கிப் போட்டுப் பலகையை அவரே கழற்றினார்.

மறுநாள் சுருள் இல்லாத கட்டை எழுத்தில் புதுப் பலகை வந்தது. மாட்டுவதற்கு முன் அண்ணியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அண்ணி ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். பிறகு யாரும் கேட்காமலேயே இன்னொரு தரம் படித்தார். சுருளக்கா அந்தப் பக்கம் திரும்பி அழுதார்.