சம்பந்தி மரியாதை

செல்லக்கிளியின் வாய்க்குப் பூட்டுப் போட முத்தாண்டிக்குப்பத்தில் ஆள் கிடையாது. இதை ஊர் சொல்வதைவிட அவளே அதிகம் சொல்லிக்கொள்வாள். நெய்வேலி கேன்டீன் ஒன்றில் கான்ட்ராக்டில் பாத்திரம் தேய்க்கிறவள். காசநோய்க்காரர்களுக்குத் துணையிருக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் பயிற்சி வைத்தபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்ததும் அந்த வாயை நம்பித்தான்.

நர்ஸ் பிரபாவதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "மாத்திரை போட்டா ஒண்ணுக்கு செவப்பா போகும். மொத நாளே சொல்லிடுங்க. இல்லன்னா பயந்து நிறுத்திடுவாங்க. நடுவுல நிறுத்துனா அப்புறம் அந்த மருந்துக்கே நோய் அடங்காது."

ஒத்திகையில், கூடப் பயிற்சிக்கு வந்திருந்த அன்னமேரியை நோயாளியாக உட்கார வைத்து, செல்லக்கிளி அதைச் சொன்ன சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவளிடம் ஒப்படைத்த முதல் நோயாளி கொளஞ்சியப்பன். மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளும் கான்ட்ராக்ட் ஆள். அதோடு அவள் மகள் வெண்மதிக்கு மாமனார்.

அங்கேதான் வாய்க்குப் பூட்டு விழுந்தது. சம்பந்தி எதிரில் அவள் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. அவரிடம் போய் ஒண்ணுக்கைப் பற்றிப் பேசுவதாவது! முட்டை சாப்பிடுங்க, இருமும்போது துணி வைங்க என்று மற்றதெல்லாம் சொன்னாள். அதை மட்டும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சம்பந்தியின் வாயையா பார்ப்பது என்று கூச்சப்பட்டு, வாசல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மேற்பார்வையில் ஒழுங்காக இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொண்டுபோனாள்.

"வேணாங்க சம்மந்தி, பத்தியங்க," என்றார் கொளஞ்சியப்பன்.

"இதுக்குப் பத்தியம் கெடையாதுங்களே?"

அவர் தரையைப் பார்த்தார். "காமாலைங்க. கீழாநெல்லி அரைச்சிக் குடிச்சிகினு இருக்கேன்."

"காமாலைன்னு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க... அது வந்துங்க... கலரு மாறிப் போச்சுங்க."

"மாத்திரை?"

"நிறுத்திட்டேங்க. நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு வாயில போடுற மாரி பாவலா காட்டிகினு இருந்தேன்."

செல்லக்கிளி குழம்புப் பாத்திரத்தைத் திண்ணையில் வைத்தாள். இவள் சொல்லக் கூச்சப்பட்டாள், அவர் கேட்கக் கூச்சப்பட்டார். இரண்டு பேர் மரியாதையும் சேர்ந்து ஓர் உயிருக்கு உலை வைத்திருந்தது. வெண்மதி வேறு அதே வீட்டில் முழுகாமல் இருந்தாள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க. இவ்ளோ பெரிய வாயை வெச்சிகினு சம்மந்தியைச் சாகக் குடுக்கப் பார்த்தியேடி' என்று தன்னையே வைதாள்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சம்மந்தி! ஒண்ணுக்கு செவப்பா போறது காமாலை இல்லீங்க! அது மாத்திரையோட சாயங்க!"

கண்ணை மூடியிருந்ததால் குரலின் அளவு தெரியவில்லை. எதிர்வீட்டு ரெஜினா குடத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். வெண்மதி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் விடிந்ததும் சம்பந்தியைப் பஸ்ஸில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து, ரத்தமும் சோதித்து, காமாலை இல்லை என்று மறுபடி மாத்திரையைத் தொடங்கினார். கைதட்டல் வாங்கிய அதே கூடத்தில் பிரபாவதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் செல்லக்கிளி.

இப்போது முருங்கை மரத்தை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சம்பந்தி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டும்வரை நகர மாட்டாள். அவருக்கும் கூச்சம் விட்டுப்போய்விட்டது. காலையில் இவள் தெருமுனையில் வரும்போதே கொல்லையிலிருந்து குரல் கொடுப்பார்.

"சம்மந்தி, இன்னிக்கும் செவப்புதாங்க!"

"ரொம்ப சந்தோஷங்க சம்மந்தி!"

தெருவே சிரிக்கும். வெண்மதி தலையில் அடித்துக்கொள்வாள். அந்தக் குரல் கேட்கும்வரை செல்லக்கிளிக்கு ஒரு வாய் டீ இறங்குவதில்லை.