யாரும் கூப்பிடாத ஐந்து நிமிடம்

செய்தி வந்தபோது நான் பழனி அடிவாரத்தில், முடி இறக்கும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். பேத்திக்கு முதல் மொட்டை. எனக்கு மகன் இல்லை என்பதால் தாய்மாமன் மடிக்குப் பதிலாக என் மடி. தலையில் தண்ணீர் பட்டதுமே அவள் மண்டபமே அதிரக் கத்த ஆரம்பித்திருந்தாள். அந்தச் சத்தத்தில் போனில் பேசியது யார் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. ராணி. கொடைக்கானலில் காலையில் நாங்கள் கூடும் யோகா வகுப்பில் இருப்பவள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்.

"கண்டக்டரண்ணே, டிரைவரண்ணே சவாசனத்துல இருந்து இன்னும் எந்திரிக்கல. நாங்கல்லாம் எந்திரிச்சு உக்காந்து ரொம்ப நேரமாச்சு. கூப்புடலாமாண்ணே?"

"தொட்டு எழுப்பும்மா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு என்னிடம், "கை ஜில்லுன்னு இருக்குண்ணே" என்றாள். கொடைக்கானலில் அந்நேரத்துக்கு யார் கைதான் ஜில்லென்று இருக்காது? அதையே அவளிடம் சொன்னேன். பின்னால் யாரோ அழும் சத்தம் வந்தது.

நாவிதர் கத்தியை வைத்துவிட்டிருந்தார். நான் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். மொட்டை முடிந்தது. சந்தனத்தைக் குழைத்து நானே பூசினேன், காதுக்குப் பின்னால்கூட விடாமல் பூசினேன். அப்புறம்தான் மனைவியிடம், "சின்னச்சாமி அண்ணன் போயிட்டாரு, நான் மேல போறேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் இருந்திருக்காது.

உங்களில் பலர் அவர் ஓட்டிய வண்டியில் மலையேறியிருப்பீர்கள். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு அரசு பஸ் ஓட்டியவர் சின்னச்சாமி. அந்த வண்டியில் டிக்கெட் கிழித்தவன் நான். இரண்டு பேரும் கொடைக்கானலிலேயே குடியிருந்தோம், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருந்துவிட்டோம். அன்றைக்கு அதே பாதையில் பயணியாக ஏறினேன். கண்டக்டர் தெரிந்த பையன், செய்தி அவனுக்கும் வந்திருந்தது, முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தான். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த டிரைவர் கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றுகிறான் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவருக்கு யோகா வந்தது பக்தியால் அல்ல, முதுகால். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இடுப்பு எலும்பு இடுப்பில் நிற்காது என்பார். ஒரு கட்டத்தில் சீட்டிலிருந்து இறங்க என் தோள் வேண்டியிருந்தது. டாக்டர் இடுப்புக்குப் பெல்ட் கொடுத்து, டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். "டிப்போவுல உக்காந்து டீ குடிக்கிறதுக்கு நான் வெள்ளனே எந்திரிக்கணுமா?" என்று அதை அப்படியே விட்டார். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து யோகா மாஸ்டர் எங்கள் வண்டியில் அடிக்கடி வருவார். அவர்தான் புஜங்காசனமும் மகராசனமும் சொல்லிக் கொடுத்தார். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவதற்கு இவ்வளவு பெரிய பெயரா என்று நான் சிரித்தேன். மாதக்கணக்கில் விடாமல் செய்தார். ஒரு நாள் என் தோளைத் தொடாமல் இறங்கி நின்றார். வலி போயிருச்சா என்றேன். "போகல. வலிக்கும் எனக்கும் நடுவுல கொஞ்சம் எடம் கெடைச்சிருக்கு" என்றார்.

அந்த நாட்களில் கூக்கால் என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் வண்டியும் எங்களுக்கு முறை வரும். சாயங்காலம் போகும் வண்டி அந்த ஊரிலேயே தங்கி, மறுநாள் விடியும்போது கிளம்பும். விட்டால் அடுத்த வண்டிக்கு எப்போது என்று தெரியாது, அதனால் ஊர் முன்கூட்டியே வந்து ஏறிக்கொள்ளும். காலையில் அண்ணன் வண்டிக்குள்ளேயே ஆசனங்களை முடிப்பார். இரண்டு சீட்டு வரிசைகளுக்கும் நடுவில் இருக்கிற நடைபாதை சவாசனத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்பார். ஒரு நாள் நான் டீக்கடையில் இருந்தேன். பூண்டு மூட்டையோடு ஏறிய ஒரு அம்மா, கைகால் பரத்தி, கண் மூடி, அசையாமல் கிடந்தவரைப் பார்த்துவிட்டு அலறியபடி இறங்கினார். நான் ஓடி வருவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. ஒருவர் அண்ணனுக்கு எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று என்னிடம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். மனுஷன் அப்போதும் எழவில்லை. முடிக்க வேண்டியதை முடித்து, வலப்பக்கம் புரண்டு, கையூன்றி மெல்ல உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கவரு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? என் நெஞ்சு நின்னுருக்கும்ல" என்று அந்த அம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"மன்னிச்சுக்கங்கத்தா. பாதியில எந்திரிச்சா பலன் இல்லன்னு கெடந்துட்டேன்" என்றார் அண்ணன்.

அதன் பிறகு கூக்காலில் யாராவது வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டால், "டிரைவரு செத்து எந்திரிக்கட்டும், கெளம்பும்" என்பார்கள். மூட்டைகளைச் சத்தமில்லாமல் ஏற்றுவார்கள். அந்தக் கேலியைச் சொன்னவர்கள் அண்ணன் சாவுக்கு மாலையோடு வந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதுகைவிடப் பெரிய நோய் அவருடைய வாய். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். வெளியூர்க் கார்க்காரர்களுக்கு அது தெரியாது. தெரியாதவர்களுக்கு அண்ணன் தெரிவிக்கிற பாஷையைக் கேட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மூச்சுப் பயிற்சி தொடங்கிக் கொஞ்ச காலம் கழித்து, ஒரு வளைவில் ஒரு கார் எதிரில் வந்து நின்றது. பின்னால் போகவும் மாட்டேன் என்கிறது. நான் அன்றைய வசவுக்காகக் காத்திருந்தேன். அண்ணன் இன்ஜினை அணைத்தார். கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். "என்னங்க, டிரைவரு தூங்குறாரு" என்று ஒரு குரல். "மூச்சு எறங்கட்டும், இருங்க" என்றார். அப்புறம் இறங்கிப் போனார். காரில் இருந்தவன் சின்ன வயசு, பள்ளத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தான். அவனை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, தானே அந்தக் காரைப் பின்னால் எடுத்து ஓரம் விட்டுத் தந்தார். திரும்பி ஏறியவர் என்னிடம், "கோவத்துல இருந்தா அவன் பயந்தது எனக்குத் தெரிஞ்சிருக்காதுலே" என்றார். யோகா மனதுக்கு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வேறு விளக்கம் எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றதும் எங்கள் வார்டு சமுதாயக் கூடத்தில் வகுப்பு ஆரம்பித்தார். காசு வாங்கவில்லை, மாஸ்டர் என்று கூப்பிடவும் விடவில்லை. லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவர்கள், கேரட் கழுவுகிறவர்கள், ராணி மாதிரி அடுப்படியில் நிற்கிறவர்கள், இவர்கள்தான் கூட்டம். குனிந்து குனிந்தே உடம்பு வளைந்தவர்களை முதலில் நிமிர்த்தினார். ராணிக்குத் தூக்கம் வந்தது, கால் வீக்கம் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து பெருமையாகச் சொன்னாள். அண்ணனுக்குப் பழைய வாய் திரும்பி வந்ததை அன்று பார்த்தேன். "ஆசனம் ஆசனந்தான், மாத்திரை மாத்திரதான். போயி மொதல்ல மாத்திரயப் போட்டுட்டு வா" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்.

அவருடைய வகுப்பில் சட்டம் ஒன்றே ஒன்று. சவாசனத்தில் இருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. போன் வாசலுக்கு வெளியே. வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் காத்திருக்க வேண்டும். இதில் அவர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று ஒரு நாள் சீண்டினேன். "ஆத்மா உள்ள வந்து போகுதாண்ணே, கதவத் தட்டுனா பயந்துருமா?"

அவர் சிரிக்கவில்லை. "ஆத்மாவெல்லாம் எனக்குத் தெரியாது. இந்தப் பொம்பளைங்களப் பாரு. காலையில எந்திரிச்சதுல இருந்து யாராவது கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. இங்க கெடக்கிற அஞ்சு நிமிசம் யாரும் கூப்புட மாட்டாங்க. அந்த நேரத்துல அவுக யாருக்கும் அம்மா இல்ல, யாருக்கும் வேலக்காரி இல்ல. மிச்சம் என்ன இருக்கோ அது அவுகளுக்குத்தான் தெரியும். நீ வேணா அதுக்கு ஆத்மான்னு பேரு வச்சுக்க" என்றார்.

அந்தச் சட்டத்தைத்தான் அன்றைக்கு அவர்கள் காப்பாற்றினார்கள். அவரைச் சுற்றி உட்கார்ந்து, சத்தம் போடாமல், அவர் வலப்பக்கம் திரும்பக் காத்திருந்தார்கள். அண்ணன் நன்றாக ஆழ்ந்துவிட்டார் என்று ஒருவருக்கொருவர் கண்ணால் சொல்லிக்கொண்டார்களாம். மூச்சு எப்போது நின்றது, முன்பே கூப்பிட்டிருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்பதை வந்து பார்த்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எதுவாக இருந்தாலும். வழக்கமாக அவருக்குப் பக்கத்துப் பாய் என்னுடையது. நான் இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். மதினி, அண்ணன் மனைவி பாக்கியம், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு மதினியின் "ஏங்க" தெரியும். உப்பு டப்பா எங்கே என்பதற்கு ஒரு ஏங்க, மழை வருகிறது என்பதற்கு ஒரு ஏங்க, ஒன்றும் இல்லை என்பதற்கும் ஒரு ஏங்க. வகுப்புக்கு வாருங்கள் மதினி என்றால், "எனக்கு அடுப்படியே யோகா" என்று முடித்துவிடுவார். அன்றைக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. வகுப்புப் பெண்கள் உள்ளே வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"சுத்தி உக்காந்திருந்தீங்களே, ஒருத்தருக்காவது கூப்புடணும்னு தோணலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். ராணி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு கூடம் திறக்கப்படவில்லை. அண்ணனிடம் இருந்த சாவி என்னிடம்தான் வந்திருந்தது. ராணியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "கண்ண மூடுனா அந்தக் கைதாண்ணே தெரியுது. நாங்கதான் கொன்னுட்டமோ" என்றாள். இல்லம்மா என்றேன். நம்புகிற மாதிரி எனக்கே அது கேட்கவில்லை. என் முதுகும் பழையபடி இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. வீட்டில் பாயை விரிப்பேன், உட்கார்ந்திருப்பேன், சுருட்டி வைத்துவிடுவேன். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, அழுகை மட்டும் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து மதினி ஆள் அனுப்பினார். அண்ணன் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வகுப்பில் இருந்தவர்களும் வர வேண்டுமாம். கூடத்தைத் திறந்தேன். எல்லோரும் வந்தார்கள், ராணியும் வந்தாள். எந்த இடம் என்று மதினி கேட்டார். ஜன்னலோரம் என்று காட்டினேன்.

"எப்படிக் கெடப்பாரு?"

சொன்னேன். கால்களைக் கொஞ்சம் அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்க. மதினி ராணியைப் பார்த்தார். "எம்புட்டு நேரம் கூப்புடாம இருந்தீங்க?"

ராணி அழுதுகொண்டே, "தெரியல மதினி. ரொம்ப நேரம்" என்றாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நான் அவரை அம்புட்டு நேரம் விட்டதே இல்ல" என்றார் மதினி. சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கி, வெறும் தரையில் அந்த இடத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் சுற்றி நின்றோம். நேரம் போனது. ராணி என் சட்டைக் கையைப் பிடித்தாள். மதினியின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்குவது தெரிந்தது, அடுத்தது ஏறுவதற்குள் எனக்கு வியர்த்தது. யாரும் கூப்பிடவில்லை. கண்ணைத் திறக்காமலே மதினி பேசினார்.

"எதுக்கு நிக்கிறீங்க எல்லாரும்? படுங்க."

ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ராணி மதினிக்குப் பக்கத்தில், ஒரு கையால் மதினியின் முந்தானையைப் பிடித்தபடி படுத்தாள். நானும் படுத்தேன். மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கூடம் இப்போது காலையில் திறந்திருக்கிறது. சட்டத்தில் மட்டும் ஒரு திருத்தம் செய்திருக்கிறோம். எல்லோரும் சவாசனத்தில் கிடக்கும்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவன் நான். அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த வேலைதான். வாசலில் யார் வந்தாலும் விரலைக் காட்டி நிறுத்துகிறேன். ஒவ்வொரு மூச்சாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நேரமானதும் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மெல்லக் கூப்பிடுகிறேன். மதினியைக் கடைசியாகத்தான் கூப்பிடுகிறேன், அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று.