புல் வெட்டும் மிஷின் நின்ற வாரம்

மில் ஓடிய காலத்தில் ஆயுத பூஜை வந்தால் என் கணவரைக் கையில் பிடிக்க முடியாது. தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் அவர். முதல் நாளே தறிகளை எல்லாம் துடைத்து, ஒன்று விடாமல் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலுமாக வீட்டுக்கு வருவார். எனக்குப் பூ வாங்க மறந்தாலும் மறப்பார், தறிக்கு மாலை வாங்க மறக்க மாட்டார். சொல்லிக் காட்டினால், "அதுதானே சோறு போடுது" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மில்லை மூடிவிட்டார்கள். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று வாசலில் போய் நின்றவர்களில் அவரும் ஒருவர். பிறகு போவதை நிறுத்திக்கொண்டார். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்பிளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல் கஷ்டம் வேறில்லை. என் தையல் மிஷினைக் காரணமே இல்லாமல் கழற்றுவார், பூட்டுவார். கடிகாரம், டார்ச் லைட், ஸ்டவ் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் கழற்றிப் பார்க்காதது என்று வீட்டில் நானும் மகளும்தான் மிச்சம். மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்த என் கொழுந்தனார், "இங்க வந்துடுண்ணா, எடம் பாத்து வெச்சிருக்கேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். போனால் என் கணவர் மட்டும்தான் போக முடியும். குடும்பத்தோடு தங்க அங்கே வசதி இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வருவார்கள், பெற்ற பிள்ளையே அவர்களைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். என் வீட்டில் அது நடக்கக் கூடாது என்று நான் வேண்டாத சாமியில்லை.

அந்தச் சமயத்தில்தான் சொல்தா வீட்டு வேலை கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் கோரிமேட்டுக்குப் போகிற வழியில் பெரிய தோட்டம் வைத்து வீடு கட்டியிருந்தார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மிஷின் ஒன்றும் இருந்தது. நீளக் குழாய், மேல் முனையில் சின்ன இன்ஜின், கீழ் முனையில் சுழன்று புல்லை அறுக்கும் நைலான் கயிறு. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்ஜினில் இருக்கும் இன்னொரு கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். சொல்தாவுக்கு முதுகுவலி, அதைத் தூக்கவே முடியாது. என் கணவர் அதைத் தோளில் மாட்டிய அன்று விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அந்த விசிலைக் கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தறி இல்லை, மில் இல்லை. ஒரு மில்லுக்கே பூச வேண்டிய சந்தனத்தை அந்த ஒரு மிஷினுக்குப் பூசினார் மனிதர். குழாய்க்கு மூன்று பட்டை, கைப்பிடிக்குப் பொட்டு, இன்ஜினுக்குப் பொட்டு. பெட்ரோல் டேங்கின் மூடி நெற்றி மாதிரி வட்டமாக இருந்ததா, அதற்கு மட்டும் கெட்டியாக ஒரு அப்பு அப்பி நடுவில் குங்குமம். சொல்தா மாதா கோயிலுக்குப் போகிறவர். இருந்தும் பொரியை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்தார். கிளம்பியது. ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம்கூட ஓடவில்லை, இருமிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தால் அசையவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். இரும்பில் வைத்துப் பார்த்தால் நெருப்பு நீலமாக, நன்றாகவே வந்தது. பெட்ரோலில் ஆயில் கலந்த அளவு சரியில்லை என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தார். அப்புறம் அந்த பங்க்கின் பெட்ரோலே மோசம் என்று வேறு பங்க்குக்கு சைக்கிளில் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். கார்புரேட்டரைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, மகளின் பால் கிண்ணத்தில் போட்டுப் பெட்ரோலால் கழுவினார். அப்போது அடக்கிக்கொள்ளவில்லை. இத்தனை வைத்தியத்துக்கும் அது ஒரே மாதிரிதான் நடந்தது. புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தால் கிளம்பும், அவர் முகம் மலரும், உடனே நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை, கண்ணேறு பட்டிருக்கும் என்று நான்தான் சொன்னேன். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அத்தோடு விட்டாரா, பொட்டெல்லாம் உதிர்ந்திருக்கிறது என்று மறுபடியும் சந்தனம் குழைத்து, அந்தந்த இடத்தில் பழையபடி வைத்துவிட்டு வந்தார். மிஷின் மசியவில்லை.

மழை பெய்து பெய்து தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே சொல்தா அவரைக் கூப்பிட்டு, "மிஷின் கெடக்குதுப்பா. அருவா இருக்குது, அதால வெட்டு. ஒண்ணும் அவசரமில்ல" என்றாராம். தங்கமான வார்த்தை. எனக்கு இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். என் கணவருக்கோ அது செருப்படி மாதிரி பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கெழம கோயம்புத்தூர் பஸ் ஏறலாம்னு இருக்கேன்" என்றார்.

"அதான் அருவாள எடுத்துக்கன்னு சொல்லிட்டாராமே. வேலைய வுட்டா நிறுத்துனாரு?"

"அருவா புடிக்க ஆயிரம் பேரு இருக்கான். மிஷின ஓட்டத்தான் என்னைக் கூப்பிட்டாரு. ஒரு சின்ன இன்ஜின ஓட்ட முடியாதவன் இங்க இருந்து என்னா பண்றது? நாளைக்குப் பாக்கறேன். ஓடலன்னா போறேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு நானே அங்கே போனேன். கெஞ்சியாவது கூட்டி வரலாம் என்று எண்ணம். தோட்டத்தில் அவர் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். சொல்தாவை முசே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த அம்மாள் என்னைப் பின்கட்டில் உட்கார வைத்து, குழந்தைக்குப் பால் கலக்கித் தருகிறேன் என்று கெட்டிப்பால் டின் ஒன்றை எடுத்தார்கள். ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தார்கள். ஒரு சொட்டு வந்து, நூலாகி, நின்றுவிட்டது. டின்னை நிமிர்த்தி எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டார்கள். பால் கொழகொழவென்று இறங்கியது. எந்த வீட்டில் இல்லாத அதிசயம் இது. நானும் மண்ணெண்ணெய் டின்னுக்கு அப்படித்தான் ஓட்டை போடுவேன். ஒரு பக்கம் காற்று போனால்தான் மறுபக்கம் எண்ணெய் வரும்.

அதே நேரத்தில் தோட்டத்தில் மிஷின் கிளம்பிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நின்றுவிட்டது. அவர் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று உள்ளே பார்த்தார். மூடினார், இழுத்தார், கிளம்பியது. மறுபடி நின்றது. மறுபடி மூடியைத் திறந்து பார்த்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. குழந்தையை மதாமிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

"என்னாங்க, அந்த மூடிய ஒவ்வொரு வாட்டியும் தெறந்த பொறவுதான் அது ஓடுது."

"பெட்ரோல் பாக்கத் தெறக்குறேன். அதுக்கு என்னா?"

"மதாம் இப்பதான் பால் டின்னுக்கு ரெண்டாவது ஓட்ட போட்டாங்க. ஒண்ணுல வரலை."

"பால் டின்னும் இதுவும் ஒண்ணாடி?"

"எனக்கு என்னா தெரியும். தெறந்தா ஓடுது, மூடுனா நிக்குது. அவ்ளோதான் தெரியும்."

அவர் கை மூடிக்குப் போனது. மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் நடுவில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. மேல்பக்கம் அதே இடத்தில், பூஜையன்று அப்பியதும் வெள்ளிக்கிழமை வைத்ததும் சேர்ந்து, காரை பூசியது போல் சந்தனம் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினார். என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, "ஊக்கு இருந்தா குடு" என்றார்.

தாலிக்கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஓட்டையைக் குத்தி, வாயால் ஊதி, மூடியைப் பூட்டி இழுத்தார். கிளம்பியது. பீடி குடிக்கும் நேரம் தாண்டியது. அவர் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார். தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார், சத்தம் நிற்கவே இல்லை. பக்தி முற்றிப்போய் மிஷினின் மூக்கை அடைத்த கதையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நினைத்தால் கண்ணீர்தான் வந்தது.

சத்தம் கேட்டுச் சொல்தா வெளியே வந்தார். "என்னாப்பா இருந்துச்சு?" என்று கேட்டார். என் கணவர் மிஷினை நிறுத்தி, "மூடி அடைச்சிருந்துச்சு முசே" என்றார். பெரியவர் கண் கீழே உதிர்ந்து கிடந்த சந்தனத் தூளில் நின்றது. எல்லாம் புரிந்திருக்கும். ஒரு வார்த்தை கிண்டல் பண்ணியிருந்தால் போதும், என் கணவர் அன்றே மூட்டை கட்டியிருப்பார். "மழைக்கு முன்னாடி முன்பக்கத்த முடிச்சுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆளைத் தெரிந்து பேசாமல் இருப்பதும் ஒரு உபகாரம்தான்.

சாயங்காலம் பெட்ரோலும் பச்சைப் புல்லும் மணக்க வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவிவிட்டு மகளை மடியில் போட்டுக்கொண்டார். அவர் வாயால் கேட்காமல் எனக்கு நிம்மதி வராது என்று தோன்றியது.

"நாளைக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

அவர் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எந்த பஸ்ஸு?" என்றார்.

யாரை என்று இல்லாமல் எல்லோரையும் மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, சோறு போட எழுந்தேன்.