ஒருசந்திக்காரன் வைத்த மீன்குழம்பு

கடல் மீனுக்கு உப்புப் போடவேண்டியதில்லை என்று நாற்பத்தெட்டு வயது வரையில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, நானே யோசித்துக் கண்டுபிடித்தது. பிறந்தது முதல் உப்புத் தண்ணீரில் கிடக்கிற பிராணிக்கு மறுபடியும் உப்பு எதற்கு? ராயபுரத்தில், மீன் வாசனை வராத காற்றே வீசாத தெருவில் குடியிருந்துகொண்டு, மூன்று பாஷைகளில் படிக்கிறவன் என்று பெயரும் வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். சிரித்துவிடுங்கள். சிரித்து முடித்த பிறகு கேளுங்கள்: இந்த மடமையை வைத்துக்கொண்டுதான் சர்வேசுரன் என் மனைவியை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

நான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. கப்பல் வரத்துக் குறைந்துபோன அந்த வருஷம், எங்களை வேலையை விட்டு நீக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்று அன்பாகச் சொல்லி, சம்பளத்தையும் அதே அன்போடு பாதியாக்கினார்கள். பாதிச் சம்பளத்தில் முழு வயிற்றை நிரப்புகிற வித்தை என் மனைவி ரோசம்மாளுக்குத் தெரியும். நொய்யரிசி, ஒரு பிடி சென்னாக்கூனி என்கிற காய்ந்த பொடி இறால், சந்தை கலைகிற நேரத்துக் கத்திரிக்காய், யார் வீட்டுக் கொல்லையிலிருந்தோ வந்த முருங்கைக்கீரை, இவ்வளவுதான் சாமான். இதிலிருந்து தினம் ஒரு குழம்பும் ஒரு கறியும் வந்துகொண்டிருந்தன. எப்படி வந்தன என்று நான் கேட்டதே இல்லை. உலகத்தில் எரிமலை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள இரவெல்லாம் படித்தவன், என் வட்டிலில் விழுகிற குழம்பு எப்படி உண்டாகிறது என்று அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் அவளுக்கு விஷஜுரம் கண்டது. வாரக்கணக்கில் கொதித்தது. பிறகு விட்டது. ஜுரம் போனபோது அவளுடைய பசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்கள் ஒரே மகள் எண்ணூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். விஷஜுரம் இருந்த வீட்டுக்கு அவளை வரச்சொல்ல மனம் துணியவில்லை. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தார்.

"ஜுரம் போயாச்சு. குடலும் ஆறியாச்சு. காரத்தைக் குறைச்சு, வாய்க்குப் பிடிச்சது எதுன்னாலும் குடுங்க. சாப்பிடலைன்னா, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

ரோசம்மாளுடைய வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரையில் ஓடியது. அதைப் பார்க்க முடியாமல் நான் புத்தகத்தைத் திறப்பேன். ஒரு வரிகூட ஓடாது.

தபசுகாலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அர்ச்சியசிஷ்ட அந்தோணியார் பீடத்தின் முன் போய் முழங்காலிட்டேன். பேரம் பேசினேன் என்று சொல்லுவதே மரியாதை. ஒருவேளை மட்டும் உண்கிற ஒருசந்தி என்றால், காலையில் குடிக்கிற காப்பி பானமே தவிர ஆகாரமல்ல என்று வாதாடுகிற கட்சி நான். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் பொருத்தனை செய்தேன்: "இந்தத் தபசுகாலம் முழுவதும் ஒருசந்தி பிடிக்கிறேன். நடுப்பகல் மணி அடிக்கிற வரையில் என் நாக்கில் ஒரு துளியும் படாது. அவளுக்குப் பசியைக் கொடும்." அழுதேன். எழுந்து வந்தேன்.

அதுவரையில் அக்கம்பக்கத்தார் கொடுத்த கஞ்சிதான்; மறுநாள் நானே அடுப்பை மூட்டினேன். எதிர்வீட்டு ஞானப்பூ, கூடை மீன் விற்கிறவள், விலைபோகாத காரப்பொடி மீனை ஒரு சட்டியில் கொண்டுவந்து வைத்தாள்.

"நைனா, இத்த ஆயத் தெரியுமா? இல்ல, அதுக்கும் பொஸ்தகம் கீதா?"

"மீன் கழுவுவது பெரிய வித்தையா அம்மா?" என்றேன்.

"வித்த இல்ல நைனா. முள்ளு. அதான் சொன்னேன்."

என் சித்தாந்தப்படி உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். ரோசம்மாள் அதன் வாசனைக்கே முகத்தைத் திருப்பினாள். நடுப்பகல் மணி அடித்த பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் போட்டேன். அந்த ஒரு வாயில் என் சித்தாந்தம் செத்தது. மறுநாள் பிராயச்சித்தமாக உப்பை அள்ளிப் போட்டேன். அது சமுத்திரத்தையே தோற்கடித்துவிட்டது. வாங்க வக்கில்லாத வீட்டில் இரண்டு நாள் மீனையும் புளியையும் பாழாக்கினேன். தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. ருசி பாராமல் சமைக்க முடியாது. ருசி பார்த்தாலோ பொருத்தனை முறியும். ஒரு துளியும் படாது என்று வாயைக் கொடுத்துவிட்டேனே! குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒருசந்தியில்லாத நாக்கு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், கட்டிலில் கிடந்தது. ஒரு கரண்டியை ஊதிக்கொண்டே போய் நின்றேன்.

"ரோசம்மா, சாப்பிட வேண்டாம். உப்பு மட்டும் பார்த்துச் சொல். நான் ஒருசந்தி."

சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது. போர்வைக்குள்ளிருந்து உள்ளங்கை வெளியே வந்தது. அந்தக் கை எதற்காகவும் நீண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்தாள்.

"உப்பு பத்தல. புளியக் கொட்டையோடவா கரைச்சீங்க? வெந்தயம் போட்டீங்களா?"

"எப்போது போடுவது?"

"ஐயோ, எண்ணெ காஞ்ச ஒடனே!"

அடுப்பங்கரைக்கு ஓடினேன். உப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். மறுபடியும் கை நீண்டது. "இன்னும் கொஞ்சம்." மறுபடியும் ஓடினேன். அன்றைக்கு அவள் சாப்பிட்டது சில சொட்டுகள். ஆனால் என்னைத் திட்டினாள். ஜுரம் கண்ட பிறகு அவள் என்னைத் திட்டியது அதுவே முதல் தடவை. எனக்கு நாகஸ்வரம் கேட்டதுபோல் இருந்தது.

அன்று தொடங்கிய பாடம் தினமும் நடந்தது. மாங்காய் போட்டால் புளியைக் குறைக்கவேண்டும். சென்னாக்கூனியை வெறும் சட்டியில் வறுத்துவிட்டுத்தான் கீரையில் போடவேண்டும். நொய்க்கஞ்சியில் ஒரு பல் பூண்டு தட்டிப்போட்டால் அது நோயாளிக் கஞ்சி, இல்லாவிட்டால் பசை. எண்ணெய் வாங்க முடியாத நாளில் தேங்காயைத் துருவி அரைத்துவிட்டால் யாரும் எண்ணெயைத் தேடமாட்டார்கள். எரிமலையைப் பற்றிப் படித்தபோதுகூட எனக்கு இவ்வளவு ஆச்சரியம் உண்டானதில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் சொல்லுவதற்காக அவள் மறுபடியும் மறுபடியும் ருசி பார்க்கவேண்டியிருந்தது.

பிறகு அவள், "உள்ளங்கையில வுட்டா ஒண்ணும் தெரியல, கிண்ணத்துல கொண்டாங்க" என்றாள். கொண்டுபோனேன். அப்புறம் ஒரு நாள், "சோத்துல பெசஞ்சாத்தான் உப்பு தெரியும்" என்றாள். அதுவும் சரிதான் என்று சோறு போட்டேன். எனக்கிருந்த கவலையெல்லாம் உப்பு.

அப்படி ஒரு காலையில், கத்திரிக்காயும் சென்னாக்கூனியும் போட்ட குழம்போடு நான் கட்டிலருகே நிற்கிறேன். ஞானப்பூ சட்டியை வாங்கிப்போக உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா இது?"

"உப்புப் பார்க்கிறாள்" என்றேன்.

"உப்பா? அக்கா வட்டில வழிச்சி நக்கிகினு கீது, நீ உப்பு சரியா உப்பு சரியான்னு கேட்டுகினு நிக்கிற! கண்ணத் தொறந்து பாரு நைனா!"

பார்த்தேன். வட்டிலில் ஒரு பருக்கை இல்லை. ரோசம்மாள் களவு செய்து பிடிபட்டவள்போல் விரல்களை மடக்கிக்கொண்டாள். நான் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஞானப்பூ என்னைச் சிரித்துக் கேலி செய்யத் தொடங்கி, பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். அடுப்பில் கஞ்சி தீய்ந்தது.

குருத்தோலை ஞாயிறன்று ரோசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரை வரை நடந்தாள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்தாள். வளையல் மணிக்கட்டில் நின்றது.

பாஸ்குவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சுவாமியாரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். குழம்பு கொதிக்கும்போது அதன் ஆவி என் மூக்கில் ஏறியதே, அதனால் என் ஒருசந்திக்குப் பழுது உண்டா? தபசுகாலம் முழுவதும் ருசிகூடப் பாராமல் சமைத்தேன் என்று நான் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை.

"சமைக்கிறவன் உப்புப் பார்த்தால் ஒருசந்தி முறியாது ஐயா. ஒரு துளியும் படக்கூடாது என்பது நற்கருணை வாங்குகிறவனுக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர். இது குழந்தைகள் ஞானோபதேசத்திலேயே இருக்கிறதே!"

எனக்குச் சிறுபிள்ளையில் கற்றுக்கொடுத்தது அது. மூன்று பாஷைப் புத்தகங்களுக்கு அடியில் எங்கேயோ புதைந்து போயிற்று.

அன்று முதல் இதை நான் ஓயாமல் யோசிக்கிறேன். சட்டத்தைச் சரியாக அறிந்திருந்தால் அடுப்பருகே நின்று நானே உப்புப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சுவரைப் பார்த்தபடியே போயிருப்பாள். சமைக்கத் தெரிந்திருந்தாலும் அப்படியே. என்னிடத்திலிருந்த இரண்டு அறியாமைகளைக் கொண்டு, மூன்றாவது ஒரு காரியத்தைச் சர்வேசுரன் செய்து முடித்தார். நான் அவருக்குக் கொடுத்த ஒருசந்தி பெரிய காணிக்கை என்று நினைத்திருந்தேன். அவர் எடுத்துக்கொண்டது என் மடமையை. அது என்னிடம் தாராளமாக இருந்தது.

இப்போதும் அரைச் சம்பளந்தான். செவ்வாய்க்கிழமைதோறும் நானே நொய்க்கஞ்சி வைத்து, பூண்டு தட்டிப்போட்டு, கோவில் வாசலில் இருக்கிற ஏழைகளுக்குக் கொண்டுபோகிறேன். அவர்கள் குடிக்கிறார்கள், அதையும் ஓர் அற்புதமாகவே எண்ணுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது, பிழைக்கமாட்டார் என்று ஒருவரைக் கைவிட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்களானால், கேளுங்கள். சரியாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். நான் கேட்டதில் எதுவுமே சரியாக இருக்கவில்லை.

இந்தச் சாட்சியைப் பாஸ்கு வாரத்தில் கோவிலில் எல்லார் முன்னிலும் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ரோசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தாள். மனம் உருகிவிட்டாள் என்று நினைத்தேன். தெருமுனை வந்ததும் சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க. ஒண்ணுதான் தப்பு. அந்தோணியாரு பசிய விபூதிப் புதன் அன்னிக்கே குடுத்துட்டாரு. நீங்க ஆக்கினதப் பாத்துதான் அது திரும்பிப் போச்சு."