செத்ததைப் பொறுக்குகிற வேலை

விமானத்தில் பறவை மோதினால் கூப்பிடுகிற ஆள் நான். மெட்ராசில் அதுதான் என் வேலை. முழுப் பறவை கிடைப்பது அபூர்வம். இன்ஜின் தகட்டில் அப்பிய சதை, ஒன்றிரண்டு இறகு, விரல் நீள எலும்பு, அவ்வளவுதான். சுரண்டி எடுத்து, இறகை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, இன்ன பறவை என்று சொல்ல வேண்டும். பருந்து என்றால் பக்கத்துக் குப்பைமேட்டை அகற்றச் சொல்வார்கள். ஆட்காட்டிக் குருவி என்றால் ஓடுபாதை ஓரத்துப் புல்லை வெட்டுவார்கள்.

ஊரில் அம்மா, "எம்புள்ள ஏரோப்ளேன் ஆபீசுல கீறான்" என்று பீற்றிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்ன அன்று, சோறு போடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

"படிச்சிட்டு செத்தத பொறுக்கற வேலயாடா பாக்கற?"

"இன்னா மோதிச்சின்னு தெரிஞ்சாத்தாம்மா அடுத்தது மோதாம பாக்க முடியும்."

"இன்னா எழவோ. மொதல்ல கைய கழுவிக்கினு வா."

அதன்பிறகு நான் லீவில் போகும்போதெல்லாம் வாசலில் சோப்போடு நிற்பாள். வரப்பில் விழுந்து ஒடிந்து, கோணலாகக் கூடிய இடது கையில்தான் அதை வைத்திருப்பாள்.

அவள் போய்விட்டாள் என்று தந்தி வந்தபோது, எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. பஸ் விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. எங்கள் ஊர் களமருதூர் தாண்டி. நடந்தேன். வழி நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கிளைகளுக்கு அடியில் வக்காக் கொக்கின் குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. பாழாய்ப்போன பழக்கம், குனிந்து இறகைப் பார்த்தேன். சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த மறியல்காரர்கள் விஷயம் தெரிந்ததும் இறங்கி வழிவிட்டார்கள்.

"நடந்து போங்கண்ணே. வண்டின்னா ஒண்ணும் வுடமாட்டோம்."

அவர்கள் கேட்டது என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு முறை அம்மா முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று முனகிக்கொண்டே நடந்தேன்.

விடிந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் மட்டும் இருந்தது.

"ஒடம்பு தாங்கலண்ணா, நேத்து சாயங்காலம் எடுத்துட்டோம்" என்று தம்பி அழுதான். "மூஞ்சிய பாக்க வுடாம பண்ணிட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அவன் நின்ற நிலையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அன்று காலையிலேயே சுடுகாட்டில் பால் தெளித்தார்கள். சாம்பல் ஆறியதும், "கால்லருந்து பொறுக்குடா" என்றார் சித்தப்பா. பொறுக்கினேன். என் கை நடுங்கவேயில்லை. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. பறவை எலும்பு உள்ளே காலி. இவை கனத்தன.

ஒரு எலும்புத் துண்டில் என் விரல் நின்றது. அது நடுவில் முடிச்சுப்போலப் புடைத்து, கோணலாக இருந்தது.

"இது அம்மாவோட எடது கைடா" என்று தம்பியிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நான் சாம்பல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். மீதியை அவன்தான் பொறுக்கினான்.

முழுகுவதற்கு எல்லோரும் ஏரியில் இறங்கினார்கள். நான் கரையிலேயே நின்றேன். கையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.