சத்தத்துக்கு ஒரு டிக்கெட்

வலியசாலை அக்கிரகாரத்து விஜயலக்ஷ்மி பென்ஷன் ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவள். எந்தக் காகிதத்தையும் தன் கண்ணால் படிக்காமல் கையெழுத்துப் போட்டதே கிடையாது. அப்படிப்பட்டவள் மகள் விஷயத்தில் மட்டும் ஒன்றும் பார்க்காமலே கெடு வைத்துவிட்டாள். சினிமாவுக்கு ஒலி சேர்க்கிற வேலை என்று மாளவிகா கொச்சிக்குக் கிளம்பியபோது, "ரெண்டு வருஷம் தரேன். அப்பறம் ஆத்துக்கு வந்து பேங்க் பரீட்சை எழுதணும்" என்றாள். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. பயிற்சி வகுப்புக்கான படிவத்தைக் கணவர் வெங்கடகிருஷ்ணன் நிரப்பியே வைத்துவிட்டார்.

மாளவிகா வேலை பார்த்த முதல் படம் வெள்ளிக்கிழமை வந்தது. இருவரும் பக்கத்துத் தியேட்டரில் போய்ப் பார்த்தார்கள். வசனம் கேட்டது, பாட்டு கேட்டது. இதில் மகள் செய்தது எது? ஒரு மண்ணும் விளங்கவில்லை. போனில் கேட்டபோது மாளவிகா அழாத குறை.

"அம்மா, அங்க ஸ்பீக்கர் எல்லாம் திரைப் பக்கம்தான். நான் பண்ணினது முதுகுக்குப் பின்னாடியும் தலைக்கு மேலயும் இருக்கு. மால்ல இருக்கற பெரிய ஹால்ல, நடு சீட்ல உக்காந்து கேளு."

"அதே படம், அதே கதை. சத்தத்துக்காக வெறுதே, தண்டத்துக்கு, டிக்கெட்டுக்கு இரட்டி சார்ஜா?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"என் காதால கேக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்க வரேளா, தனியாப் போகட்டுமா?"

வந்தார். பின்னே, வராமல்?

ஞாயிறு காலைக் காட்சி. கிளம்பும் முன் மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தாள். நல்ல வெயிலை வீணாக்குகிற வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை.

முக்கால் மணி நேரம் போயிற்று. கார் ஒன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஓடியது. இதற்கா இரட்டி என்று அவளுக்கே தோன்றிவிட்டது. சாயங்காலம் மகளிடம் 'வந்துடு' என்று சொல்லியாக வேண்டுமே!

திரையில் ஒருத்தி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"ஐயோ, வடாம்!"

விஜயலக்ஷ்மி எழுந்தே விட்டாள். ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தது. "ஏன்னா, எழுந்திருங்கோ, மாடில அத்தனையும் போச்சு!" வெங்கடகிருஷ்ணன் அதற்கு முன்பே குடையைக் கையில் எடுத்திருந்தார்.

"சேச்சி, ஒண்ணு இரிக்காமோ?" என்று உட்காரச் சொல்லிப் பின்வரிசைக்காரி மலையாளத்தில் அதட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. மழை வெளியே பெய்யவில்லை. போன இடவப்பாதி மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்திருந்தபோது மாடித் தகரக் கொட்டகைக்கு அடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மாளவிகா நின்றாளே, "பைத்தியமே, ஜுரம் வரும், கீழ வா" என்று இவள் திட்டினாளே, அந்த மழை. இவர்கள் வீட்டுத் தகரம். வெள்ளிக்கிழமை பக்கத்துத் தியேட்டரில் படத்தின் இதே இடத்தில் ஏதோ மெஷின் கோளாறு, கரகரவென்கிறது என்று நினைத்திருந்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பெற்ற மகளைப் பற்றிப் பெருமைப்பட யாருக்குப் பயப்பட வேண்டும்?

இடைவேளையில் போன் செய்தாள்.

"மழை பேஞ்சது. நான் எழுந்துட்டேன். அப்பா குடையே எடுத்துட்டார்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அழாதே, கேட்டியா? வெளில நல்ல வெயில், வடாமுக்கு ஒண்ணும் ஆகலை. நீ அங்கேயே இரு."